நடைப் போட்டியும் என் வாயும்

பயிற்றுநர்களுக்கான உளவியல் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கிறோம் என்று கேட்டீர்கள். எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது. முதல் நாள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எங்கோ பயிற்சி முகாமில் கொடுத்த தாள் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

மலேசியாவில், மலாக்கா மாநிலத்து ஜாசின் வட்டாரப் பள்ளிகளில் முப்பத்தோரு வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். திடல் பயிற்சி எல்லாம் என் பொறுப்பு. பணி ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. முட்டி இரண்டும் போய்விட்டது. குரலும் பாதி போய்விட்டது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஏன் என்று படித்தால் தெரியும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் பலர் உளவியல் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். நானும் படித்தேன், ஐம்பது வயதில், ஆறு வாரக் கடைசிகளில். மனக்காட்சிப் பயிற்சி, தனக்குத்தானே பேசிக்கொள்வது, இலக்கு வைப்பது என்று நிறையச் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல வகுப்பு. அதுவரை நான் கத்தியே பயிற்சி கொடுத்தவள். இனி அறிவோடு செய்வோம் என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தேன். அந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை என்ன பாடு படுத்தினேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவள் பெயர் லோஷினி. நியாலாஸ் பக்கம், தோட்டத்தை விற்றபோது தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தாள். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மா பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தார். பெக்டரி பஸ் விடியும் முன்பே வந்துவிடும். எட்டாம் வகுப்புக்குச் சமமான இரண்டாம் படிவத்தில் படிக்கும்போது பள்ளிக் குறுக்கோட்டப் போட்டியில்தான் லோஷினியைப் பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் ஓட, இவள் நடந்தாள். ஓடுகிற பாதிப் பேரை நடந்தே முந்தினாள்.

"ஏன்மா ஓடல?" என்று கேட்டேன்.

"ஓடுனா மூச்சு வாங்குது டீச்சர். நடந்தா வாங்கல."

அவளை வேகநடைக்குக் கொண்டுவந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வேகநடையில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்கால் தரையைத் தொடும்போது முட்டி மடங்கக்கூடாது. நடுவர்கள் வழி நெடுக நின்று பார்ப்பார்கள். தப்பு என்று பட்டால் ஆளுக்கு ஒரு சிவப்பு அட்டை எழுதி அனுப்புவார்கள். யாருக்கு எத்தனை அட்டை என்பதைப் பாதையோரத்தில் ஒரு பலகையில் போடுவார்கள். மூன்று விழுந்தால் தலைமை நடுவர் வந்து கைப்பிடி வைத்த சிவப்புத் தட்டியைக் காட்டுவார். அதோடு வெளியே போக வேண்டியதுதான், முன்னால் இருந்தாலும் சரி, பின்னால் இருந்தாலும் சரி.

லோஷினியின் நடை சுத்தமானது. செம்பனைக்கு நடுவே போகிற சாலையில் தனியாக நடக்கும்போது ஒரு குறை சொல்ல முடியாது. போட்டியில் மட்டும் கால் தூக்கியது, அதாவது இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டன. வகுப்பில் படித்தது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. பதற்றம், மனம் சிதறுகிறது, இதற்கு மருந்து இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். தினமும் பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் கண்ணை மூடிப் போட்டியைப் பார்க்க வேண்டும். பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். கீழே "நான் கால் தூக்க மாட்டேன்" என்று பத்து தடவை எழுத வேண்டும். அவள் ஒருநாள் விடாமல் எழுதினாள். வெள்ளிக்கிழமை தோறும் நோட்டை வாங்கிப் பக்கம் நிறைந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் சரி போட்டுக் கொடுத்தேன்.

அவள் நான்காம் படிவத்தில் இருந்தபோது மாநிலப் பள்ளிகள் போட்டி வந்தது. ஐந்து கிலோமீட்டர், ஐந்து சுற்று. நாலாவது சுற்று முடியும்போது லோஷினி எல்லோருக்கும் முன்னால் இருந்தாள். பலகையில் அவள் எண்ணுக்கு நேரே இரண்டு அட்டை. நான் பாதையோரமாகவே அவளோடு ஓடினேன்.

"கால தூக்காத. ரெண்டு விழுந்திருச்சு, கால தூக்காத. முட்டிய பாரு. லோஷினி, முட்டி."

இன்னும் அரைச் சுற்றுதான் பாக்கி. தலைமை நடுவர் அவள் முன்னால் வந்து சிவப்புத் தட்டியைக் காட்டினார். அவள் நின்றாள். பாதையை விட்டு இறங்கி, ஓரக்கல்லில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினாள். அழவில்லை. இரண்டாவதாக வந்துகொண்டிருந்த பிள்ளை அவளைக் கடந்து போனது.

திரும்பி வரும்போது பள்ளிப் பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் செஞ்சிருந்தா இப்படி ஆயிருக்காது. ஒனக்கு மனசு வீக்கா இருக்கு. அதைத்தான் சரி பண்ணணும்."

"சரி டீச்சர்" என்றாள்.

அடுத்த வாரம் அவள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. கைப்பேசியில் செய்தி அனுப்பினேன். படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. என் பயிற்சிக் குறிப்பேட்டில் அவள் பெயருக்கு நேரே "தன்னம்பிக்கைக் குறைவு, ஊக்கம் இல்லை" என்று எழுதினேன். பழைய பயிற்றுநராக இருந்திருந்தால் சோம்பேறி என்று எழுதியிருப்பேன். படித்தவள் அல்லவா, நல்ல வார்த்தையாக எழுதினேன்.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நியாலாசுக்குப் போனேன். அவள் அம்மா வீட்டில் இருந்தார். என்னை உட்கார வைத்து பால் விடாத தேநீர், தே ஓ, கலந்து கொடுத்தார். லோஷினி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வாசற்படியோரம் நின்றாள். நான் வகுப்பெடுக்கிற குரலில் ஆரம்பித்தேன்.

"ஒங்க மகளுக்குத் திறமை இருக்கும்மா. மனசுதான் வீக். போட்டின்னா பயப்படுறா. நான் ஒரு ப்ரோக்ராம் போட்டு வச்சிருக்கேன். நீங்களும் வீட்ல கொஞ்சம் புஷ் பண்ணணும்."

அவர் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு என்னிடம் ஒன்று கேட்டார்.

"டீச்சர், போட்டியப்ப நீங்க எங்க நிப்பீங்க?"

"அவ கூடவேதான். பக்கத்துலயே ஓடுவேன்."

"பேசிக்கிட்டே?"

"ஆமா, தப்பு பண்ணா சொல்லணும்ல?"

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தன் வேலையைப் பற்றிச் சொன்னார்.

"நான் பெக்டரில லைன் லீடர் டீச்சர். புதுசா வர்ற பிள்ளைங்க கண்ணுக்கே தெரியாத சின்ன சாமான மைக்ராஸ்கோப்ல பாத்து வைக்கணும். ஆரம்பத்துல நான் அவங்க பின்னாடி போய் நின்னுக்கிட்டு, 'கை ஆடுது, ஆடாம வை, ஆடாம வை'ன்னு சொல்லுவேன். சொல்லச் சொல்ல நல்லா ஆடும். ரிஜெக்ட் ஏறிக்கிட்டே போச்சு. மேனேஜர் என்னைத்தான் கூப்ட்டு ஏசுனாரு. அப்புறம் நான் பின்னாடி நிக்கறதில்ல. பக்கத்து சேர்ல உக்காந்து என் வேலையப் பாப்பேன். கேட்டா சொல்லுவேன். அவ்ளோதான் லா."

நான் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் எழுந்து போய் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"நீங்க சரி போட்டிருக்கீங்க. அதனால படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

திறந்தேன். லோஷினியின் உருண்டையான கையெழுத்து. திங்கள், கண்ணை மூடினேன், டீச்சர் முகம் தெரிந்தது. செவ்வாய், டீச்சர் முகம். புதன், ரோடு கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு டீச்சர். வியாழன், டீச்சர் கத்துகிறார், சத்தம் கேட்கவில்லை, வாய் மட்டும் தெரிகிறது. அதன் கீழே, நான் கால் தூக்க மாட்டேன், நான் கால் தூக்க மாட்டேன். அதற்கும் கீழே என் சிவப்பு மைச் சரி. பக்கத்துக்குப் பக்கம் அப்படித்தான். ஐந்து மாதம்.

தே ஓ ஆறிப்போனது. வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர் மேல் தப்பில்லை. மனக்காட்சியும் நல்ல பயிற்சிதான், எத்தனையோ பேருக்கு உதவியிருக்கிறது. ஒன்றைச் செய்யாதே செய்யாதே என்று சொன்னால் மூளை அதையேதான் பிடித்துக்கொள்ளும் என்பதும் அதே வகுப்பில் சொன்னதுதான். பரீட்சையில் அதற்குச் சரியாகப் பதில் எழுதியவள் நான். முன்பெல்லாம் என் கையில் பிரம்பு இருந்தது. இப்போது நோட்டு இருந்தது. கை மாறவில்லை.

லோஷினி இன்னும் வாசற்படியில்தான் நின்றாள்.

"இந்த நோட்டு வேணாம்" என்றேன். "நீ திரும்ப வரணும்னா நான் என்னம்மா செய்யணும்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நம்பர் மட்டும் சொல்லுங்க டீச்சர். எத்தனாவது சுத்துன்னு. வேற ஒண்ணும் சொல்லாதீங்க."

"கார்டு விழுந்தா?"

"போர்டு இருக்குல்ல. நானே பாத்துக்கறேன்."

ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்வது சுலபம், வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். முதல் மாதம் ஊதலை வாயில் கவ்விக்கொண்டு நின்றேன், பேச்சு வரக்கூடாது என்று. தாடை வலித்தது. அவள் வலது தோள் கொஞ்சம் ஏறுவது தெரியும், சொல்லத் துடிப்பேன். சொல்லாமல் விட்டால் இரண்டு சுற்றில் அதுவே இறங்கும். எத்தனை வருடமாக எத்தனை தோள்களைத் தானாக இறங்க விடாமல் செய்திருக்கிறேன் என்று அங்கே நின்றுகொண்டு யோசித்தேன். ஒருநாள் அவளாகவே சொன்னாள், நன்றாக நடக்கும் நாளில் தன் காலணிச் சத்தம் ஒரே சீராகக் கேட்குமாம், அதையே கேட்டுக்கொண்டு நடப்பாளாம். நான் அவளுக்கு இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று உடம்பைக் கூறு போட்டுக் கொடுத்திருந்தேன். அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சத்தம்தான்.

அடுத்த வருடம் அவள் ஐந்தாம் படிவம். பள்ளி மாணவியாக அதுதான் கடைசி மாநிலப் போட்டி. முதல் மூன்று பேரை மலாக்கா அணியில் சேர்த்துத் தேசியப் பள்ளிகள் போட்டிக்கு அனுப்புவார்கள். விளையாட்டு வழியாக மேலே படிக்க ஒரு வழி கிடைக்கும் என்று அவள் வீட்டில் எதிர்பார்த்தார்கள். அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார், ஆனால் பாதையோரத்துக்கு வரவில்லை. தூரத்தில் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பள்ளியிலிருந்து கணேசன் என்ற இளம் ஆசிரியர் என்னோடு வந்திருந்தார். நல்ல பிள்ளை, ஆர்வம் அதிகம். மூன்றாவது சுற்றின் நடுவில் பலகையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"டீச்சர், ரெண்டு கார்டு."

லோஷினி அப்போது இரண்டாவது இடத்தில் இருந்தாள். பின்னால் இரண்டு பேர் நெருங்கிக்கொண்டிருந்தார்கள். அதே நிலைமை, அதே இரண்டு அட்டை.

"சொல்லுங்க டீச்சர். ஸ்லோ பண்ணச் சொல்லுங்க. இன்னொண்ணு விழுந்தா அவ்ளோதான்."

நான் லோஷினி வரும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், அவ போர்ட பாக்கலைன்னா? ஒரு வார்த்தைதானே?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவள் பலகையைப் பார்த்தாளா என்று எனக்கும் தெரியாது. நான் சொல்லாமல் இருந்து அவள் வெளியேற்றப்பட்டால், அங்கே இருக்கிற எல்லோரும் கேட்பார்கள், பயிற்றுநர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று. தலைமையாசிரியர் கேட்பார். அந்த அம்மாவும் கேட்கலாம். சொன்னால் என்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் என் கடமையைச் செய்ததாகிவிடும். அந்த நேரத்தில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. பாதையோரத்தில் நான் கத்தியதில் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்காக இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காக.

லோஷினி வளைவில் திரும்பி என்னை நோக்கி வந்தாள். நாலாவது சுற்று ஆரம்பம். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன்.

"நாலு" என்றேன்.

அவள் போய்விட்டாள். கணேசன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் வேகம் குறைந்தது. பின்னால் வந்தவள் கடந்தாள். இப்போது மூன்றாவது. ஐந்தாவது சுற்றுக்கு வந்தபோது "அஞ்சு" என்றேன். கடைசி முந்நூறு மீட்டர் இருக்கும்போது, நெருங்கி வந்த இன்னொரு பிள்ளையும் அவளைக் கடந்து போனது. லோஷினி வேகத்தைக் கூட்டவில்லை. கால் இரண்டும் தரையிலேயே, முட்டி நேராக, பாடப் புத்தகத்துக்குப் படம் எடுக்கலாம் போல நடந்து முடித்தாள். நாலாவது இடம். மூன்று பேரைத்தான் எடுப்பார்கள்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்து மூச்சு சீரான பிறகு சொன்னாள்.

"போர்ட பாத்தேன் டீச்சர். ஸ்பீட் போட்டா மூணாவது கார்டு வரும்னு தெரிஞ்சுது. போன வருஷம் மாதிரி வேணாம், முடிக்கணும்னு நெனச்சேன்."

"நல்ல முடிவுதான்."

"தேசியத்துக்குப் போகலயே."

"போகல."

அப்போதுதான் அழுதாள். அந்த ஓரக்கல்லில் அழாத பிள்ளை, போட்டியை முடித்துவிட்டு அழுதாள். அவள் அம்மா கூடாரத்திலிருந்து வந்து பக்கத்தில் நின்றார். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

வரும் வழியில் கணேசன் மெதுவாகக் கேட்டார். "ஒரு வேளை நீங்க சொல்லியிருந்தா அவ முன்னாடியே கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி மூணாவது வந்திருப்பாளோ டீச்சர்?"

"வந்திருக்கலாம்" என்றேன். இன்றைக்கும் அதே பதில்தான். உங்களுக்கு ஒரு வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். சரியாக நடந்துகொண்டால் பதக்கம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லோஷினி இப்போது தாதியர் பயிற்சியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறாள் என்று அம்மா சொன்னார், சும்மா, தனக்காக.

பணி ஓய்வுக்குப் பிறகு என் பழைய குறிப்பேடுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். எத்தனையோ பெயர்கள். அதில் பல பெயர்களுக்கு நேரே "ஆர்வம் இல்லை, நின்றுவிட்டாள்" என்று எழுதியிருந்தேன். அவற்றில் ஒரு பெயர் செல்வி. குறுந்தூர ஓட்டக்காரி. நான் பயிற்சி கொடுத்தவர்களில் அவளைப் போல் குனிந்து பாய்கிற புறப்பாடு யாருக்கும் வராது. மூன்றாம் படிவத்தில் ஒருநாள் வரவில்லை, அதோடு சரி. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்போது அவளைக் கூப்பிட்டுக் கேட்டேனா என்றால், கேட்டேன். "என்ன, சோம்பேறித்தனமா?" என்று திடலைக் கடந்துகொண்டே கேட்டேன்.

அவள் சிம்பாங் அம்பாட்டில் காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுக் கடை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு ஒருநாள் போனேன். அடையாளம் கண்டுகொண்டாள். நாற்காலி போட்டாள். கூட்டம் குறையும் வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ஏன் நின்றாய் என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு டீச்சர்?"

"தெரிஞ்சுக்கணும் போல இருக்கு."

இலையை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "ஸ்கூல்ல வெள்ளைக் காற்சட்டை குடுத்தீங்கல்ல. எனக்கு அப்பதான் மாசாமாசம் ஆக ஆரம்பிச்சுது. ரொம்பப் போகும். ஒருநாள் ஸ்டார்ட்டுக்குக் குனிஞ்சப்ப பின்னாடி நின்னவங்க சிரிச்சாங்க. அதோட வரல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே செல்வி. நான் பொம்பளதானே."

"சொல்லணும்னுதான் ரெண்டு வாட்டி வந்தேன் டீச்சர். நீங்க வேற யாரையோ ஏசிக்கிட்டு இருந்தீங்க."

ஒரு காற்சட்டை. கறுப்பாக ஒன்று மாற்றிக் கொடுத்திருந்தால் போதும். அதற்கு எந்த வகுப்பும் தேவையில்லை. அவள் இன்னொருவருக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அன்னைக்கு நான் கேட்டப்பவாவது சொல்லியிருப்பியா?" என்றேன்.

செல்வி கையைத் துணியில் துடைத்தபடி யோசித்தாள்.

"கேட்டுட்டு அங்கயே கொஞ்ச நேரம் நின்னிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன் டீச்சர்."